அண்ணன் படித்த அமெரிக்கா

ஆவடி மார்க்கெட்டுக்கு எதிரே, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த டுடோரியலில் நான் ஆறு வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே பி.ஏ. எழுதுகிறவர்கள்தான் என் மாணவர்கள். தொழிற்சாலைக் குமாஸ்தாக்கள், நர்சுகள், கல்யாணமாகிப் படிப்பை விட்டுவிட்டு மறுபடி வந்த பெண்கள். தமிழிலேயே தேர்வு எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். படிக்கத்தான் புத்தகம் இல்லை. இங்கிலாந்து வரலாற்றுக்கு எப்படியோ நோட்ஸ் கிடைத்தது. அமெரிக்க வரலாற்றுத் தாளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் இங்கிலீஷ் புத்தகத்தை மேசை மேல் விரித்துவைத்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

அந்த நோட்ஸ் யார் மூலமாகவோ பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருந்த ஒரு பாயின் கைக்குப் போயிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், தொழிற்சங்க நோட்டீஸ், பரீட்சை கைடு, எது வந்தாலும் அடிப்பவர் அவர். 1974-இல் ஒருநாள் பஸ் ஏறி டுடோரியலுக்கே வந்துவிட்டார். இதைச் சரியாக எழுதிக் கொடுத்தால் புத்தகமாகப் போடுகிறேன் என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் பேர் போட்டு ஒரு புத்தகம் வரும் என்பதை அன்றுவரை கனவில்கூட நினைத்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போதுதான் பயம் வந்தது.

நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தோம். அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண், நான். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழைத்தே போய்ச் சேர்ந்தவர்கள். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மோல்டராகச் சேர்ந்தார். மண்ணில் அச்செடுத்து, அதில் உருக்கிய இரும்பை ஊற்றுகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் எம்.ஏ. வரை படித்தேன். சங்கத்திலும் அவர் துணைச் செயலாளராக இருந்தார்.

புத்தகத்தின் முதல் வாசகர் அவர்தான். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, "இன்னிக்கு இன்னா எழ்தினே, குடு" என்று கேட்பார். வாய்விட்டுத்தான் படிப்பார். புரியாத இடத்தில் நிறுத்திவிடுவார். இங்கிலாந்திலிருந்து பிரிவதாக அமெரிக்கர்கள் 1776-இல் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தில் ஒவ்வொரு மனிதனுக்கும் பிறப்பிலேயே உள்ள உரிமைகளைச் சொல்லும்போது உயிர், சுதந்திரம் என்று இரண்டைச் சொல்லி, மூன்றாவதாக ஒன்று வரும். அதை நான் 'இன்ப நாட்டம்' என்று எழுதியிருந்தேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் அண்ணி அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார். சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது என்றார் அண்ணன். இரண்டு நாள் யோசித்து 'நல்லபடியாக வாழ வழி தேடும் உரிமை' என்று மாற்றினேன். அதற்குத் தலையாட்டினார்.

இன்னொரு நாள் சிரிக்கவில்லை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியைப் படித்துவிட்டு, இதை எழுதியவர் யார், என்ன தொழில் என்று கேட்டார். பெரிய பண்ணைக்காரர், பிறகு அந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி ஆனவர் என்றேன்.

"பண்ணையில வேல செஞ்சது யாரு?"

அடிமைகள் என்றேன். நோட்ஸில் அது இல்லை. பரீட்சையில் கேட்பதில்லை என்று விட்டிருந்தேன். அண்ணன் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்த எழ்தாம இத்த மட்டும் எழ்தினா எப்டி பாப்பா? நம்ம அப்பா இந்த புக்க படிச்சா, நான் இதுல எங்க கீறேன்னு கேக்க மாட்டாரா?"

அடிமைகளைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் அப்படித்தான் சேர்ந்தது. அரசியலமைப்பை எழுத உட்கார்ந்தவர்கள், பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டதை எழுதினேன். அண்ணன் அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய்ச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டியிருக்கிறார்.

ஆனால் அவருக்கு ரொம்பவும் பிடித்தது வேறு. இரண்டாவது ஜனாதிபதி காலத்தில், அரசாங்கத்தைத் தூற்றி எழுதினால் சிறை என்று ஒரு சட்டம் போட்டார்கள். நாடு பிறந்து இருபத்திரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பத்திரிகை நடத்தியவர்கள் உள்ளே போனார்கள். ஜனாதிபதியைத் தாக்கி எழுதிய மக்கள் சபை உறுப்பினர் ஒருவரையும் பிடித்துப் போட்டார்கள். அவர் சிறையில் இருந்தபடியே அடுத்த தேர்தலில் நின்று ஜெயித்தார். மூன்றாவது ஜனாதிபதி வந்ததும், அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களை மன்னித்தார். சிறையிலிருந்து ஜெயித்தவரின் கதையை அண்ணன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ரயிலில்கூடச் சொன்னதாக அண்ணி சொல்வார்.

எழுபத்தைந்து ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. எங்கள் பக்கம் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வடக்கே யார் யாரையோ பிடிக்கிறார்கள் என்று பேசிக்கொள்வோம். நான் பாட்டுக்கு எழுதி முடித்து, டிசம்பரில் கையெழுத்துப் பிரதியைப் பாயிடம் கொடுத்தேன். ஜனவரி கடைசியில் இங்கே ஆட்சியைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை. அண்ணன் முதல் ஷிப்டுக்குக் கிளம்ப முகம் மழித்துக்கொண்டிருந்தார். சாதாரண உடையில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஸ்டேஷனில் ஒரு விசாரணை, ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றார்கள். அண்ணன் பாதி முகத்தில் சோப்போடு எங்களைப் பார்த்தார். மீதியையும் மழித்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அதற்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் அண்ணி உள்ளே போய் டிபன் டப்பாவை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அது தேவைப்படாது என்று அவர்களில் ஒருவர் வாங்கித் திண்ணையில் வைத்தார்.

ஸ்டேஷனில் அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். இன்னொரு ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை. நானும் அண்ணியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலுமாக அலைந்தோம். மூன்று வாரம் கழித்து, சங்கத்து ஆள் ஒருவர் டுடோரியல் படிக்கட்டில் என்னைப் பார்த்து, அண்ணன் சிறையில் இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். சொல்வதற்கே அவருக்குப் பயம்.

ஒரு வக்கீலைப் பார்த்தோம். பிடித்துவைத்த ஆளை நீதிபதி முன்னால் கொண்டுவரக் கேட்கும் மனுவை நான் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆட்கொணர்வு மனு. அமெரிக்கர்கள் அதைத் தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள் என்பது இரண்டு மார்க் கேள்வி. வக்கீலிடம் அதைச் சொல்லிக் கேட்டேன். அவர் மனுவை எழுதிக்கூட வைத்திருந்தார். ஏப்ரலில், இந்த நேரத்தில் அப்படி யாரும் கேட்க முடியாது என்று டெல்லியில் பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டது. எழுதிய தாள்களை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். அண்ணி அவற்றை முந்தானையில் சுற்றிக்கொண்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது.

டுடோரியல் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தை இங்கே யாரிடமும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் சம்பளம் நின்றுபோனதால் நாங்கள் மூன்று பேரும் என் வேலையை நம்பித்தான் இருந்தோம். நான் பேசவில்லை.

மே மாதம் பாய் சொல்லி அனுப்பினார். புத்தகம் முழுவதும் எழுத்துக் கோத்து முடிந்திருந்தது. ஆனால் பக்கத்துத் தெரு அச்சகம் ஒன்றைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். சங்க நோட்டீஸ் அடித்தவர் என்பதால் பாயையும் கூப்பிட்டு, எதை அடித்தாலும் முதலில் தணிக்கை அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "பரீட்ச புக்குதான டீச்சரம்மா, ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க. நீங்களும் கூட வந்தா நல்லது" என்றார். நான் போனேன்.

அந்த அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். எங்களை உட்காரச் சொன்னார். புரூஃப் தாள்களை ஏற்கனவே படித்து நீலப் பென்சிலால் குறித்திருந்தார். தானும் வரலாறு படித்தவன்தான் என்றும், நான் நன்றாக எழுதியிருப்பதாகவும் சொன்னார். அடிமைகளைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தாராம். அதில் ஒரு கோடுகூட இல்லை.

கோடு பிரகடனத்தில் இருந்தது. மக்களின் உரிமைகளை ஓர் அரசு அழிக்குமானால், அதை மாற்றவோ நீக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்ற வரி போக வேண்டும். அதன்பின் இங்கிலாந்து மன்னன் மீது சொல்லும் குற்றச்சாட்டுகள். மன்னன் மக்கள் பிரதிநிதிகளின் சபைகளைத் திரும்பத் திரும்பக் கலைத்தான். நீதிபதிகளைத் தன் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக்கினான். இப்படி வரிசையாக வரும். அத்தனைக்கும் குறுக்கே நீலக் கோடு.

"இது இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்து ராஜாவைப் பத்திச் சொன்னது சார்" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. உங்களுக்கும் தெரியும். படிக்கிறவன் யாரை நினைச்சுப்பான், அதைச் சொல்லுங்க."

அவர் அடுத்த தாளைத் திருப்பினார். ஆட்கொணர்வுப் பத்தியும் போயிற்று. சிறையிலிருந்து ஜெயித்தவர் இருந்த அத்தியாயம் முழுவதும் போயிற்று. அதற்குக் கோடுகூட இல்லை. முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். பாய் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார். என் பெயர், முகவரி, வேலை எல்லாம் கேட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "வீட்ல யாராவது அரசியல், சங்கம்னு இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

யோசித்துச் சொன்னதாக ஞாபகமில்லை. கேட்டவுடனே வந்துவிட்டது. "கூடப் பொறந்தவங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். பாய்க்கு அண்ணனை நன்றாகத் தெரியும். சங்க நோட்டீஸுக்கு அண்ணன்தான் அவரிடம் போவார். அவர் தாள் அடுக்குவதை நிறுத்தவில்லை. அதிகாரி 'இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வெளியே வந்து பஸ் ஏறினோம். பஸ்ஸில் என் டிக்கெட்டையும் அவரே எடுத்தார்.

ஜூனில் அண்ணனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அண்ணி, குழந்தை, நான். நடுவில் இரட்டைக் கம்பி வலை. பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் பாதியாகியிருந்தார். நாங்கள் பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. எப்படி என்று அங்கே கேட்க முடியாது. குழந்தை அவரைப் பார்த்ததும் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. போகும்வரை திரும்பவில்லை.

நேரம் முடிகிற சமயத்தில் என்னைப் பார்த்தார். "புக்கு வந்துட்சா பாப்பா?"

வரப்போகிறது என்றேன்.

"ஜெயில்ல இருந்துகினே எலிக்சன்ல ஜெயிச்சான் பாரு, அந்த ஆளு கதைய இங்க எல்லாருக்கும் சொன்னேன். தெனம் ஒருத்தன் திருப்பிச் சொல்லச் சொல்றான். புக்கு வந்தா உள்ள உடுவாங்களான்னு கேளு."

கேட்கிறேன் என்று சொன்னேன். அதற்குள் பக்கத்தில் நின்றவர் நேரமாயிற்று என்றார். திரும்பும் வழியில் அண்ணி அழுதார். அண்ணன் கேட்டதற்கு என் முகம் மாறியதை அவர் கவனிக்கவில்லை.

புத்தகம் ஜூலையில் வந்தது. அமெரிக்காவில் இருநூறாவது ஆண்டைப் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள் என்று பேப்பரில் படம் வந்த வாரம். மெலிந்த புத்தகம், பச்சை அட்டை, என் பெயர். பாய் பத்துப் பிரதி கொடுத்தார். எதையும் சிறைக்கு எடுத்துப் போகவில்லை. அனுமதி கிடைக்கவில்லை என்று அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை பார்க்கவே அனுமதி கிடைக்கவில்லை என்பதால், சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

வகுப்பில் அந்தப் புத்தகத்தை வைத்தே பாடம் நடத்தினேன். ராணுவக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு நர்ஸ், எதையும் விடாமல் கேட்பவர், பிரகடனப் பக்கத்தை இரண்டு முறை புரட்டினார். எல்லாரும் சமம் என்கிறார்கள், உடனே நாங்கள் பிரிகிறோம் என்கிறார்கள், நடுவில் அந்த ராஜா அப்படி என்னதான் செய்தான் மேடம் என்று கேட்டார். தேயிலைக்கு வரி போட்டான் என்றேன். இவ்வளவுதானா என்பதுபோலப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தாளில் அவர் பாஸ் செய்தார்.

எழுபத்தேழு ஜனவரியில் தேர்தல் அறிவித்தார்கள். பிடித்தவர்களை ஒவ்வொருவராக விட்டார்கள். அண்ணன் ஒரு மத்தியானம் ஆவடியில் ரயிலிலிருந்து இறங்கி, யாரிடமும் சொல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாளே புத்தகத்தைக் கேட்டார். கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். வாய்விட்டுப் படிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளும் சத்தம்.

"பாப்பா, அந்த ஆளையே காணமே."

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீலப் பென்சிலைச் சொன்னேன். நின்றுவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அந்தப் படிவத்தையும், கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அண்ணன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கோடு போட்டது அவன். அதுக்கு நீ இன்னா செய்வே. கூடப் பொறந்தவன் இல்லன்னியே, அதுதான் ஒருமாரியா கீது."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. பிறகு அவரே சொன்னார். உள்ளே முதல் வாரம் அடித்தபோது, சங்கத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தாராம். எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"இல்ல. பேனா குடுத்திருந்தாங்கன்னா எழ்தியிருப்பேன். அன்னிக்கு எவனும் பேனா எட்த்துகினு வர்ல."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணி என்னோடு பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சாப்பாடு போடுவார், குழந்தையை என்னிடம் விட்டுப் போவார், பேச மட்டும் மாட்டார். ஒருநாள் விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னார். அதோடு பேச ஆரம்பித்தோம்.

தேர்தல் முடிந்து தடையெல்லாம் போன பிறகு பாய் வந்தார். முழுப் புத்தகமாக மறுபடி போடலாம் என்றார். கையெழுத்துப் பிரதியையும் கோடு போட்ட புரூஃப்களையும் புத்தகம் வந்ததுமே தணிக்கை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். பாதியில், பாடத்திட்டத்தை மாற்றி அமெரிக்க வரலாற்றுத் தாளையே எடுத்துவிட்டார்கள். வாங்க ஆளில்லாத புத்தகத்தைப் போடச் சொல்லிப் பாயிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அண்ணனுக்கு வேலை போயிருந்தது. சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தார் என்று காரணம் எழுதியிருந்தார்கள். தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனார். இரண்டு வருடம் இழுத்தது. அந்த இரண்டு வருடமும் குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றினார். ஏற்றும்போது லாரி பின்னால் வருகிற சத்தம் அந்த இடது காதில் விழாது என்று அண்ணி பயந்துகொண்டே இருப்பார்.

எழுபத்தொன்பதில் சமரசம் ஆயிற்று. வேலை கொடுப்பார்கள், ஆனால் பழைய பதினோரு வருடம் கணக்கில் வராது. புது ஆளாகச் சேர வேண்டும். கூடாது, மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சேர வேண்டிய அன்று காலை நானும் அவரும் ஆவடி ஸ்டேஷன்வரை சேர்ந்து நடந்தோம். அவரிடம் அச்செடுக்கக் கற்றுக்கொண்ட ஒருவன்தான் இப்போது அந்தப் பகுதியின் மேஸ்திரி என்று நடக்கும்போது சொன்னார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன் என்றும் சொன்னார். வண்டி வந்தது. கூட்டத்தில் ஏறி, கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். போயிட்டு வா அண்ணா என்றேன். கேட்கவில்லை, நான் நின்றது அவருடைய இடது பக்கம். மறுபடி சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.